மேலநீலிதநல்லூர் கோமதி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் துறையின் அட்டெண்டர் மாடசாமி அண்ணன் போனில் கூப்பிட்டார். விடுமுறை நாளில் அவர் அழைக்கிறவர் இல்லை. அடுப்பில் பால் இருந்தது. அதை அணைத்துவிட்டு எடுத்தேன்.

“மேடம், நம்ம கோமதி அக்கா போயிட்டாவ. ஆறரை மணிக்குத்தான். வீட்டுக்காரரு இப்பத்தான் போன் பண்ணுனாரு.”

கோமதி இறந்துவிட்டாள் என்பது மனதில் இறங்குவதற்கு முன்னாலேயே வேறொன்று இறங்கிவிட்டது. அவள் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லாமல் மாடசாமிக்கு ஏன் முதலில் சொன்னார்? அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வருடம் எம்.சி.ஏ. படித்தவள் நான். பதினோரு வருடம் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தவள். அப்புறம்தான் அழுகை வந்தது.

பழைய மாணவர்கள் சேர்ந்து கொண்டுவரும் இந்தச் சிறு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று கேட்டபோது தயங்கினேன். உங்களுக்குத் தெரிந்த கோமதி மிஸ்ஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத என்னால் முடியும். ஆனால் எனக்குத் தெரிந்த கோமதியைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும். அதற்குச் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் திருநெல்வேலியில் படித்தோம். நான் சங்கரன்கோவிலில் சன்னதித் தெருப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகள். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அவள் மேலநீலிதநல்லூரில் உளுந்தும் சோளமும் விதைக்கிற வீட்டிலிருந்து வந்தவள். கல்லூரி ஆய்வகத்தைத் தவிர வேறெங்கும் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆய்வகத்தில் ஆளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் முந்தின நாளே புரோகிராமைப் பென்சிலால் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வருவாள். அவள் தட்டச்சு செய்தால் முதல் தடவையே ஓடும். நான் பதினைந்து தடவை பிழை திருத்திக்கொண்டிருக்கும்போது அவள் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசிப் பருவத்தில் நான் முதல் மதிப்பெண், அவள் இரண்டாவது. விடுதியில் யாரும் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டதில்லை. அவள் அறை வாசலில்தான் செருப்புகள் கிடக்கும்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் அவளுக்கு வேலை கிடைத்தது. சேருவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவள் போகவில்லை. அத்தை மகனைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரிலேயே இருந்துவிட்டாள். நான் எம்.ஃபில். முடித்து, பிஎச்.டி. முடித்து, சங்கரன்கோவிலுக்கே திரும்பி நம் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆனேன். ஏழு வருடம் கழித்து அவள் அதே கல்லூரிக்கு லேப் அசிஸ்டென்டாக வந்தாள்.

முதல் நாள் துறைத்தலைவர் அவளை அழைத்துவந்து, “இவங்க இனி உங்க லேபைப் பாத்துக்குவாங்க” என்றார். எழுந்து போய்க் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நான் நாற்காலியிலேயே இருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே, “வணக்கம் மேடம்” என்றாள். அந்த ‘மேடம்’ எனக்கு இனித்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இனித்தது உண்மை.

சார் போனதும் அவள் குனிந்து, “என்னட்டி, தடிச்சுட்ட?” என்றாள். அன்றிலிருந்து ஆள் இருந்தால் மேடம், ஆள் இல்லாவிட்டால் ஏட்டி என்று ஆனது.

அவள் வந்த ஏழாவது வருடம் ஜாவா பாடம் எனக்கு வந்தது. அதில் ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் இந்த மலரை வாசிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஜாவாவில் ‘கிளாஸ்’ என்று ஒன்று எழுதுவோம். அதற்குள் ‘மெத்தட்’ என்ற பெயரில் அது செய்யவேண்டிய வேலைகளை எழுதுவோம். ஒரு கிளாஸ் இன்னொன்றின் மெத்தடுகளைப் பிள்ளை சொத்து வாங்குவதுபோல வாங்கிக்கொள்ளலாம். ஒரு கிளாசுக்கு உள்ளேயே இன்னொரு கிளாசை வைக்கவும் செய்யலாம். உள்ளே இருப்பது இன்னர் கிளாஸ், வெளியே இருப்பது அவுட்டர் கிளாஸ். அன்று நான் திரையில் காட்டிய புரோகிராமில் ‘காலேஜ்’ என்ற கிளாசிடமிருந்து ‘டிபார்ட்மென்ட்’ வாங்கிக்கொள்கிறது. டிபார்ட்மென்டுக்கு உள்ளே ‘ஸ்டூடன்ட்’ இருக்கிறது. காலேஜில் ‘ஷோ’ என்று ஒரு மெத்தட். ஒரு செய்தியைக் கொடுத்தால் திரையில் காட்டும். ஸ்டூடன்டிலும் ‘ஷோ’ என்று ஒன்று உண்டு. அதற்கு எதுவும் கொடுக்க வேண்டாம். ஸ்டூடன்டுக்குள் இருந்துகொண்டு, செய்தியைக் காட்டுகிற ஷோவைக் கூப்பிட்டேன். புரோகிராம் ஓடவில்லை. சிவப்பில் பிழை காட்டியது.

நாற்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காரணம் தெரியவில்லை. “அவுட்டர் கிளாஸ் தானே எழுதின மெத்தட்தான் இன்னர் கிளாசுக்குக் கிடைக்கும். அது இன்னொரு இடத்துல இருந்து வாங்கினது கிடைக்காது” என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

இரண்டாவது வரிசையில் பனவடலிசத்திரத்திலிருந்து வருகிற பேச்சியம்மாள் எழுந்தாள். “மேடம், ஸ்டூடன்டுல இருக்க ஷோவுக்கு வேற பேரு வச்சுட்டா ஓடுதே மேடம். நேத்து லேப்ல பாத்தேன். அப்பம் கிடைக்கத்தானே செய்யுது?”

“சிலபஸ்ல இருக்கதப் படி. உக்காரு” என்றேன்.

மதியம் ஆய்வகத்தின் பக்கம் போனேன். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் கோமதி குனிந்து நின்றாள். சுற்றிலும் வகுப்பு முழுவதும் நின்றது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கோமதியம்மன் கோயில் இருக்க இந்த ஊர்ல தெருவுக்கு நாலு கோமதி இருக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். “நீ பஸ் ஸ்டாண்டுல நின்னு கோமதின்னு கூப்பிட்டேன்னு வையி. பக்கத்துல நிக்க கோமதிதான் திரும்புவா. உனக்கு வேண்டியவ அவ இல்லன்னாலும் அவதான் திரும்புவா. ஜாவாவும் அப்படித்தான் மக்கா. பக்கத்துல அந்தப் பேருல ஒண்ணு இருந்துட்டா அங்கனயே நின்னுரும். அது நீ குடுக்க செய்திய வாங்குமா வாங்காதான்னு யோசிச்சு வெளிய போயித் தேடாது. பொருந்தலன்னா பிழைன்னு சொல்லிரும். அதனால, மேலநீலிதநல்லூர் கோமதின்னு ஊரையும் சேத்துக் கூப்பிடணும். டிபார்ட்மென்ட் டாட் திஸ் டாட் ஷோ. போட்டுப் பாரு.”

பேச்சியம்மாள் போட்டாள். ஓடியது. பின்னால் நின்ற பையன்கள் கை தட்டினார்கள்.

நான் என் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வரியை நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கும் ஓடியது. அவள்மேல் அன்று வந்த ஆத்திரத்துக்கு நியாயம் எதுவும் கிடையாது. என் தவறை அவள் யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை. “மேடம் சொன்னது தப்பு” என்ற ஒரு வார்த்தைகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. அதுவும் சேர்ந்துதான் எரிந்தது.

அடுத்த வருடம் ஜாவா ஆய்வகத்துக்கு ஒரு கையேடு எழுதினேன். உங்களில் பலர் அதை வைத்துத்தான் படித்தீர்கள். அதில் இன்னர் கிளாஸ் பற்றிய ஐந்தாம் பாடம் நன்றாக இருக்கிறது என்று வேறு கல்லூரிகளிலிருந்தும் பாராட்டினார்கள். ஒரு பயிற்சி முகாமில் அதை என் விளக்கமாகவே பேசிக் கைதட்டு வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது இருந்தது. கோமதி என்ற பெயரை மட்டும் மாற்றி ‘கண்ணன்’ என்று போட்டிருந்தேன். அட்டையில் என் பெயர் மட்டும்.

அச்சாகி வந்த கையேட்டை அவள் ஒரு வாரம் வைத்திருந்து படித்தாள். பிறகு ஒரு மாலை என் அறைக்கு வந்தாள். கண்ணனைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

“சுகந்தி, பதினோராவது புரோகிராம ஓட்டிப் பாத்தியாட்டி?” என்றாள்.

“ஏன்?”

“இதுல டிபார்ட்மென்டும் ஷோவத் திரும்ப எழுதியிருக்கு. உள்ள இருந்து காலேஜோட பழைய ஷோவக் கூப்பிடணும்னுதானே நினைக்க? திஸ் போட்டா டிபார்ட்மென்ட் எழுதுன புது ஷோதான் வரும். அது ஸ்டூடன்டக் கூப்பிடும், ஸ்டூடன்ட் மறுபடி அதையே கூப்பிடும். நிக்கவே செய்யாது. திஸ் இருக்க எடத்துல சூப்பர் வரணும். டிபார்ட்மென்ட் டாட் சூப்பர் டாட் ஷோ. ஒரு வார்த்தைதான்.”

திஸ் என்றால் டிபார்ட்மென்ட் தானே, சூப்பர் என்றால் அதற்குச் சொத்துக் கொடுத்த காலேஜ். பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் பென்சிலால் மெல்லியதாக எழுதியிருந்தாள். அவள் சொன்னது சரி என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் அதை ஓட்டிப் பார்க்காமலேயே அச்சுக்குக் கொடுத்திருந்தேன்.

“அச்சாயிட்டு. இனி என்ன செய்ய” என்றேன். “பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கிடுதேன். நீ எதுவும் சொல்ல வேண்டாம்.”

நான் சொல்லவில்லை. சொன்னால் யார் கண்டுபிடித்தது என்று கேட்பார்கள். ஆடித்தபசுத் திருவிழா விடுமுறையும் மின்தடையும் சேர்ந்து அந்தப் பருவத்தில் ஆய்வக நாட்கள் குறைந்துபோயின. கடைசி இரண்டு புரோகிராம்களை ஓட்டிப் பார்க்காமல் ரெக்கார்டு நோட்டில் எழுதினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

செய்முறைத் தேர்வில் சீட்டு எடுத்தபோது ஆறு பேருக்குப் பதினோராவது புரோகிராம் வந்தது. ஆறு பேரும் கையேட்டில் இருந்ததை அப்படியே அடித்தார்கள். ஓடவிட்டதும் ஆறு திரைகளிலும் துறையின் பெயர் வந்தது, மறுபடி வந்தது, நிற்காமல் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு திரை முழுக்கப் பிழை. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “ஆறு பேரும் ஒரே தப்பு செய்திருக்காங்களே” என்றார். நானும் அவரோடு குனிந்து திரையைப் பார்த்தேன். கோமதி சுவரோரம் ஸ்டூலில் இருந்தவள் எழுந்தாள்.

“சார், தப்பு பிள்ளைகளோடது இல்ல. கையேட்டுல ஒரு வார்த்தை மாறியிருக்கு. திஸ் இருக்க எடத்துல சூப்பர் வரணும்.”

“உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“சொல்லலையா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “சொன்னேன் சார்” என்றாள்.

தேர்வாளர் கையேட்டைக் கையில் எடுத்து மூடி, அட்டையைப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். ஆறு பேருக்கும் கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார். எல்லாரும் திருத்தித் தேறிவிட்டார்கள். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கோமதி பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அன்று முழுவதும் நினைத்தேன். உண்மையைச் சொல்லி அவள் காப்பாற்றியது அந்த ஆறு பேரை. அது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

அதே மாதம் நான் துறைத்தலைவர் ஆனேன். அட்மிஷன் ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கோமதியை அனுப்பலாம் என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “அங்கன வேலை கம்மி, அலைச்சல் இல்ல” என்று அவளிடமும் சொன்னேன். அவள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். “சரி மேடம்” என்றாள். அறையில் வேறு யாரும் இல்லை. அப்போதும் மேடம் என்றாள்.

கோமதி மிஸ் ஏன் ஆபீசுக்குப் போனார்கள் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள். நிர்வாகத்தின் முடிவு என்று சொன்னேன். அது என் முடிவு.

ஒன்றரை வருடம் அவள் அங்கே விண்ணப்பங்களிலிருந்து பெயரும் பிறந்த தேதியும் பதிந்துகொண்டிருந்தாள். ஆபீசுக்கு வெளியே ஒரு நீளமான சிமெண்டு பெஞ்சு உண்டு. மதிய இடைவேளையில் அந்த பெஞ்சில் என் மாணவர்கள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்கள். அவள் சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடி நடுவில் இருப்பாள். என் அறை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். நான் ஜன்னலுக்குத் திரை போட்டேன்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் இருமுறை திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டாள். நீண்ட விடுப்பு எடுத்தாள். இரண்டு மாதம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். போகாமலிருக்கக் காரணங்கள் கண்டுபிடித்துத் தீர்ந்துபோன பிறகு போனேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. அவள் வீட்டுக்காரர் காப்பி போட உள்ளே போனதும் நான் சொல்லிவிட்டேன்.

“கோமதி, உம்மேல எனக்குப் பொறாமட்டி. படிக்கும்போது இருந்தே. ஆபீசுக்கு மாத்துனதும் அதனாலதான்.”

“தெரியும்ட்டி” என்றாள். “அதச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியாக்கும்.”

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “எனக்கு மட்டும் இல்லன்னு நினைக்கியா?” என்றாள். “நீ கையில சாக்பீஸ வச்சுக்கிட்டு நிமிந்து நின்னு நடத்துவ. நான் அடுத்த ஆளு நாற்காலிக்குப் பின்னால குனிஞ்சு நின்னுக்கிட்டுத்தான் சொல்லணும். பத்து வருஷமா குனிஞ்சே சொல்லியிருக்கேன். உன் வகுப்பு வாசலத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிறு எரியும்ட்டி.”

அவளுக்கு என்மேல் பொறாமை. எனக்கு இருந்தவற்றில் அவள் விரும்பத்தக்கது ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கிளம்பும்போது, “அன்னைக்கு பேச்சியம்மாள் கேட்டாள்ல, அப்பம் நீ தெரியலன்னு சொல்லியிருக்கலாம்” என்றாள். “அந்தப் பிள்ள உன்னய ஒண்ணும் குறைச்சு நினைச்சிருக்காது. நீதான் அதக் குறைவா நினைச்சிட்ட.”

அவளை ஆய்வகத்துக்கே மாற்றும்படி மறுநாளே கல்லூரி முதல்வருக்கு எழுதினேன். கொஞ்சம் தேறியதும், வாரத்துக்கு மூன்று நாள் ஆய்வகத்துக்கே திரும்பி வந்தாள். அந்தப் பருவத்தில் ஐந்தாம் பாடம் வந்தபோது, காலையில் அவளிடம், “இன்னைக்கு இரண்டாவது மணி நேரம் நீ நடத்து” என்றேன்.

“லேப்லயா?”

“இல்ல. வகுப்புல.”

அவள் தன் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். “நேத்தே சொல்லியிருந்தா நல்லதாக் கெட்டியிருப்பேன்லாட்டி.”

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளால் வெகுநேரம் நிற்க முடியாது என்று நாற்காலி போட்டு வைத்திருந்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. போர்டின் இடது பக்கம் காலேஜ், நடுவில் டிபார்ட்மென்ட், அதற்குள் ஒரு கட்டம் வரைந்து ஸ்டூடன்ட். கோமதிகளின் கதையைச் சொன்னாள். திஸ் எங்கே, சூப்பர் எங்கே என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினாள். உள்ளே இருக்கும் கிளாசை ஸ்டேட்டிக் என்று எழுதிவிட்டால் இந்த இரண்டு வழியும் ஏன் கிடையாது என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல அவள் முகம் மலர்ந்தது. “வெளிய ஒரு ஆளு இருந்தாத்தானே கூப்பிட முடியும்? ஸ்டேட்டிக்குன்னு போட்டுட்டா வெளிய யாரும் நிக்கணும்னு கட்டாயம் இல்ல” என்றாள். ஒருவரும் நோட்டில் எழுதவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பதினோராவது புரோகிராமை எழுதி, “இந்தத் தப்ப சுகந்தி மேடமும் நானும் சேந்து கண்டுபிடிச்சோம்” என்றாள். முப்பத்தெட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின. நான் சிரித்து வைத்தேன். செய்த தப்பையும் எனக்குப் பெருமையாக்கிக் கொடுக்க அவளால் முடிந்தது. என் இருபது வருடப் பொறாமையில் அந்த ஒரு மணி நேரம்தான் உச்சம்.

அதன்பின் நாலு மாதம் இருந்தாள்.

மேலநீலிதநல்லூருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்க மோட்டார் சைக்கிள்கள் நின்றன. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்தீர்கள். பேச்சியம்மாள் கைக்குழந்தையோடு கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்திருந்தாள். என்னிடம் மூன்று வருடம் படித்த ஒருவன் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, “நீங்க கோமதி மிஸ்ஸுக்குச் சொந்தமா?” என்று கேட்டான். முகக்கவசம் போட்டிருந்தேன், அதனால் அடையாளம் தெரியாமல் இருந்திருக்கலாம். “ஆமா” என்றேன். நான் இறந்தால் இத்தனை வண்டிகள் வருமா என்று எண்ணிப் பார்த்தேன். அங்கே நின்றுகொண்டும் அதைத்தான் எண்ணினேன்.

கையேட்டின் புதிய பதிப்பு அச்சுக்குப் போயிருக்கிறது. ஐந்தாம் பாடம் கோமதி எழுதியது என்று அதில் இருக்கும். கண்ணன் போய்விட்டான், கோமதி வந்துவிட்டாள். அவள் உயிரோடு இருந்தபோது இதைச் செய்யாததற்கு என்னிடம் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வார்த்தை. போன வாரம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, இன்னர் கிளாசுக்குள் இன்னொரு இன்னர் கிளாஸ், அதற்குள் லாம்டா எனும் பெயரில்லாத மெத்தட் எழுதினால் அங்கே திஸ் என்பது யாரைக் குறிக்கும் என்று கேட்டாள். சாக்பீஸை மேசையில் வைத்தேன். “தெரியலம்மா. பாத்துட்டு நாளைக்குச் சொல்லுதேன்” என்றேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. வேறொன்றும் நடக்கவில்லை.

கோமதியாக இருந்தால் நாளை வரைக்கும் போயிருக்காது. அப்போதே சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததும் பழைய இடத்தில் பழையபடி சுருக்கென்றது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, போர்டை அழிக்கப் போனேன்.